ஏட்டு பாடிய தாலாட்டு

நாடகத்துக்கு ஆர்டர் பிடிக்கிற தொழிலில், மேடையில் நடிக்கிறவனை விட ஓரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அதிகம் வேர்க்கும். கமிட்டிக்காரர்களிடம் தொண்டை கிழியப் பேசி வயிறு வளர்க்கும் சகாக்களே, இது உங்களுக்குத் தெரியாததா?

ஜுரம் செய்த வேலை

எங்கள் நாடகத்தில் ஒரு ஏட்டு, லாக்கப்பில் இருக்கும் திருடனைத் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார். ஏட்டு வேஷம் கஜேந்திரன். அவர் வாயை மட்டும் அசைப்பார். திரைக்குப் பின்னால் பாடகர் பாடுவார். மேனாம்பேடு திருவிழா அன்று பாடகருக்கு ஜுரம். "நீயே பாடித் தொலைய்யா!" என்று கத்தினேன்.

சுருதி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மூச்சு முட்ட, பாதி அழுகையாகப் பாடி முடித்தார். கல் விழப்போகிறது என்று நான் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் விசில்தான் பறந்தது. முன்வரிசை ஆள் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்: "அண்ணாத்தே, இன்னொரு தபா பாடு! திருடன் இன்னும் முழிச்சிகினு கீறான்!"

ஒரு தொண்டைக்குப் பேரம்

யாரோ எடுத்த வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. அதற்கப்புறம் நாடகத்தின் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறை முதலாளி, ஆயுத பூஜைக்கு நாடகமே வேண்டாம், பாட்டு மட்டும் ஐந்து தடவை போதும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எட்டுப் பேர் பிழைக்கிற குழு சார். ஒரு தொண்டையை மட்டும் கழட்டிக் குடுக்க முடியாது" என்று மேஜையைத் தட்டினேன். கடைசியில் முழு நாடகம், பாட்டு மூன்று தடவை என்று படிந்தது. வாசல் வரை வந்தவர் சொன்னார்: "சரி நைனா, நாடகத்த மட்டும் கொஞ்சம் வேகமா ஓட்டிடுங்க."

பாட்டு கிளாஸ்

அடுத்த இடியைக் கஜேந்திரனே போட்டார். ஒரு மாதமாக அம்பத்தூரில் பாட்டு கிளாஸ் போகிறாராம்! அந்தக் கோணல் குரலை நம்பித்தான் வரிசையாக ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறேன். "நீ ஒழுங்காப் பாடினா எவன்யா கேப்பான்?" என்று எகிறினேன். அவர் கோபப்படவில்லை. "பொண்ணு ஸ்கூல்ல அந்த வீடியோவப் போட்டுப் போட்டு சிரிக்கிறாங்கண்ணே. அவ முன்னாடி ஒரே ஒரு தபா நல்லாப் பாடிடறேன்."

கரையான்சாவடி

கடைக்காரர்கள் சங்க விழா. அவர் மகளும் வந்திருந்தாள். பாட்டு வரும்வரை நகம் கடித்தேன். பாடினார். சுருதி பிசகவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. ஒரு விசில் இல்லை. அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள். கஜேந்திரன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சங்கத் தலைவர் பாய் என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "பாட்டு நல்லா கீது தம்பி, அந்த வீடியோல வந்த ஏட்டு எப்ப வருவாரு?"

எதையும் பேசியே தள்ளிவிடுகிற எனக்கு, நன்றாகப் பாடுகிற ஒரு மனுஷனை யார் தலையில் கட்டுவது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.