ஜிம்மி எமனைப் பார்த்த கதை

ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்தவர் அழகர்சாமி. சம்மட்டி அடிக்கும் ஆள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சுத்துணைக்கு ஜிம்மிதான். மாற்றலாகிப் போன ரயில் கார்டு துரை விட்டுச் சென்ற நாய். இங்கிலீஷில் அதட்டினால்தான் அது உட்காரும் என்று யாரோ சொன்னதால், அழகர்சாமி அதை உட்காரச் சொன்னதே இல்லை.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஜிம்மி மூஞ்சியைத் தூக்கி, கூடவே ஊளையிடும். சங்கு நின்றால் அதுவும் நிறுத்திவிடும். லைன் வீட்டுக்காரர்களுக்குச் சங்கு கேட்டுக் கேட்டுக் காது மரத்திருந்தது. ஊளை மட்டும்தான் கேட்டது. அடுத்த வீட்டு அய்யாக்கண்ணு ரத்தமாக இருமிப் படுத்ததும், ஊளைக்கு அர்த்தமும் கிடைத்துவிட்டது. நாய்க் கண்ணுக்கு எமன் தெரிவானாம்.

“அண்ணே, எங்க வீட்டைப் பாத்துத்தான் ஊளை விடுது” என்றாள் அய்யாக்கண்ணுவின் மனைவி ரெங்கம்மாள்.

“சங்கு அந்தப் பக்கந்தானேம்மா இருக்கு. அந்தச் சத்தத்துக்குக் கத்துது.”

“சங்கு வேலைக்குப் போறவங்களுக்கு ஊதுது. நாய் என்ன வேலைக்கா போவுது?”

அவள் தம்பி மருதமுத்து இவ்வளவு நயமாகச் சொல்லவில்லை. “மாமாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, நாய்க்கும் சேத்துக் குழி வெட்டிருவேன்.”

அழகர்சாமி ஜிம்மியை ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரையில் விட்டுவந்தார். வழியில் காப்பிக்கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டு வீடு திரும்பினால், ஜிம்மி வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்றது.

கடைசியாக ஒரு யோசனை. “ஞாயித்துக்கிழமை சங்கு கிடையாது. அன்னிக்குப் பாரும்மா, வாயே தொறக்காது” என்று ரெங்கம்மாளிடம் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஞாயிறன்று ஜிம்மி வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அய்யாக்கண்ணு செத்துப்போனார்.

“எமன் வீட்டுக்குள்ளயே வந்துட்டான். அதான் நாய் பயந்து அடங்கிருச்சு” என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். இதற்கு மேல் என்ன நிரூபிப்பது?

மறுநாள் காலை அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் பாடை கட்டினார்கள். பக்கத்தில் கடப்பாரையோடு மருதமுத்து. அழகர்சாமி வேலைக்குப் போகாமல், வீட்டுக்குள் ஜிம்மியின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தார். சங்கு ஊதியது. சம்மட்டி பிடித்த கைதான், ஆனாலும் நாய்க்கு வலிக்குமே என்று கொஞ்சம் தளர்த்திப் பிடித்திருந்தார். ஜிம்மி திமிறி வெளியே ஓடி, பாடைக்கு எதிரே நின்று ஊளையிட்டது. மருதமுத்து கடப்பாரையை ஓங்கினான்.

“விடுறா” என்றாள் ரெங்கம்மாள். “அவரு கூடப் பொறந்தவங்களே வரல. அதுவாச்சும் அழுவுது.”

மருதமுத்து ஓங்கிய கடப்பாரையைக் கீழே போட்டான். பின்னாலேயே ஓடிவந்த அழகர்சாமி, சங்குக்குத்தான் கத்துகிறது என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். சங்கு ஓய்ந்தது, ஜிம்மியும் ஓய்ந்தது. ரெங்கம்மாள் அதன் தலையைத் தடவிவிட்டாள்.

நாளைக்கும் சங்கு ஊதும். ஒரு நாயால் எத்தனை நாளைக்குத்தான் துக்கம் கொண்டாட முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.