கத்தரி சாரின் கைகள்

பிள்ளைகளின் கட்டுரை கணினித் திரையில் விரிந்ததும் அவர் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். கடைசி வரி முடிந்த பிறகுதான் வலது கை வெளியே வரும். ‘வெளியிடு’ என்ற பொத்தானில் ஒரு தட்டு. கை மறுபடி உள்ளே போய்விடும். ஒன்பதாம் வகுப்பு மொழியாசிரியரான அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி சார்.

பெயர் சும்மா வரவில்லை. வகுப்புக்கென்று வலைப்பூ தொடங்கியவர் அவர்தான். “நோட்டுல எழுதினா நான் ஒருத்தன்தான் படிப்பேன். இதுல எழுதினா ஊரே படிக்கும்!” என்று மார்தட்டினார். அப்போதெல்லாம் ஊர் படிக்குமே என்று எதையும் அப்படியே விட மனம் வராது. வெட்டுவார், ஒட்டுவார், முடிவில் தன் செலவில் ஒரு நீதியும் வைப்பார். எல்லாம் அரைத்த மாவு. பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அவள் அப்பாவைப் பற்றி எழுதினாள். வேலை போய் நான்கு மாதமாகியும் அவர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறாராம். சாருக்குப் பகீர் என்றது. வீட்டு விஷயம் வெளியே போகலாமா? அந்தப் பத்தியைத் தூக்கிவிட்டு, ‘ஓயாமல் உழைக்கும் தந்தையே வீட்டின் தூண்’ என்று எழுதி வெளியிட்டார். பாராட்டு குவிந்தது.

மறுநாள் அவள் மேசையருகே வந்து நின்றாள். “அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டுதான் சார் அனுப்பினேன். தாராளமா போடுன்னாரு. இப்ப நான் வெக்கப்பட்டு மாத்திட்டேன்னு நினைக்கிறாரு.”

சார் உடனே அவள் அப்பாவுக்குப் போன் செய்தார். “நான்தாங்க மாத்தினேன். தப்புதான்.”

“பரவாயில்லீங்க. வாத்தியார் செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

அந்தப் பெருந்தன்மைதான் இன்றுவரை அவரை அரிக்கிறது. திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும் என்பார். அன்றிலிருந்து யார் எழுத்திலும் அவர் கை வைப்பதில்லை.

அவள் இப்போதும் வாரம் தவறாமல் எழுதுகிறாள். ஒரே வரி. ‘இன்று மழை பெய்தது.’ போன வாரம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: “அந்தப் பத்தியைத் திருப்பிப் போட்டுடட்டுமாம்மா?”

“வேணாம் சார். அப்பா இப்ப எங்கயும் கிளம்பறதில்ல.”

இன்று அவள் வரி வந்தது. ‘நாளை விடுமுறை.’ வெளியிட்டுவிட்டுக் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. கைகள் வெளியே வரவில்லை.