பெட்டியைத் திறந்த குற்றம்

சொந்தக் காசில் வாங்கின பெட்டியைத் திறந்து பார்ப்பது குற்றமாம். எந்த ஊர் நியாயமோ! தாடிக்கொம்புப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர் தங்கமுத்து அந்தக் குற்றத்தைத்தான் செய்திருந்தார். கிணற்று மோட்டாரை ஃபோனிலேயே போட்டு அணைக்கும் பெட்டிக்குள் எறும்பு புகுந்துவிட்டது. திறந்து ஊதிவிட்டு மூடினார். பெட்டி தானாகப் பூட்டிக்கொண்டது, மோட்டார் ஓட மறுத்தது. கம்பெனிக்குப் பேசினால், "அனுமதியில்லாம திறந்துட்டீங்க, புதுசுதான் வாங்கணும்" என்றார்கள். பழைய ஸ்டார்ட்டரையும் எக்ஸ்சேஞ்ச் என்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சித்திரை வெயிலில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. செடி தலை தொங்கிவிட்டது.

திண்டுக்கல்லில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் லிடியாவிடம் அவர் வந்தது வேறு போக்கிடம் இல்லாமல்தான். அவள் நாலு வருஷத்துக்கு முன்பே இதே மாதிரி பெட்டி செய்தவள். முகம் தெரியாத யார் யாரோ இணையத்தில் சும்மா போட்டு வைத்த நிரல்களைப் படித்துக் கற்றவள், தான் எழுதியதையும் அங்கேயே சும்மா போட்டாள். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கூடப் பிழைத்துக்கொள். நீ மாற்றியதையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஞாயிறு பூசை முடிந்து கடை திறந்தால் விவசாயிகள் வந்து உட்கார்ந்து, தங்கள் பெட்டியைத் தாங்களே ஈயத்தால் பற்றவைத்து எடுத்துப் போவார்கள். தங்கமுத்து மட்டும் பளபளப்பான கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்று போனவர்.

"வாங்கண்ணே. சும்மா குடுத்தப்ப கசந்துச்சு, இப்ப இனிக்குதோ?"

"திட்டு பாப்பா, நல்லாத் திட்டு. ஆனா செடிக்கு மட்டும் ஒரு வழி பண்ணு."

திட்டிக்கொண்டேதான் திறந்தாள். உள்ளிருப்பது யாருக்கும் தெரியாதபடி ஊற்றியிருந்த கறுப்புப் பிசினைச் சூடுகாட்டிச் சுரண்டினாள். தங்கமுத்துவின் நம்பரை அழித்து மறுபடி பதிந்து பார்த்தாள். பூட்டு அசையவில்லை. ஆனால் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில் அவள் அம்மா இஞ்ஞாசியம்மாளின் ஃபோன் கிணுகிணுத்தது.

"ஏ லிடியா! மறுபடி வந்துருச்சுடி. பெட்டி தயாருங்குது, எவன் நம்பரோ இருக்கு. ஒரு வருசமா இதே ரோதனை."

லிடியா ஓடிப்போய்ப் பிடுங்கிப் பார்த்தாள். தங்கமுத்துவின் நம்பர். வாசகம் எழுத்துக்கு எழுத்து அவள் எழுதியது.

கேஸ், ரேஷன் என்று எதற்கு நம்பர் கேட்டாலும் அம்மா நம்பரைக் கொடுத்தே பழகின கை அவளுடையது. நிரலை முதலில் எழுதியபோது சோதனை நம்பர் என்ற இடத்திலும் அதையே போட்டிருந்தாள். யார் பெட்டியில் நம்பரைப் பதிந்தாலும் அந்த நம்பருக்குச் செய்தி போகும்; அந்த நம்பர் என்ன சொன்னாலும் பெட்டி கேட்கும். இரண்டே வாரத்தில் தெரிந்து எடுத்துவிட்டு, "என் தப்பு, எல்லாரும் மாத்திக்கங்க" என்று எழுதியும் வைத்தாள். திருடின மகராசன்கள் அதைப் படிக்கக்கூட இல்லை! பழசை அப்படியே அள்ளி, மேலே பிசினை ஊற்றி, கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று அட்டையில் அச்சடித்துவிட்டார்கள்.

அம்மா ஃபோனிலிருந்து 'திற' என்று அனுப்பினாள். பெட்டி டக்கென்று உயிர் பெற்றது. உடனே கம்பெனி மேனேஜருக்கு அடித்தாள்.

"நீங்கதான் ஃப்ரீயா போட்டுட்டீங்களே மேடம். ரோட்ல கெடந்தா எடுத்தவங்களுக்குத்தான சொந்தம்?"

"ரோட்ல போடலய்யா, பந்தியில போட்டேன். பந்தியில உக்காந்து திங்கலாம், அண்டாவத் தூக்கிட்டுப் போகக் கூடாது!"

"கேஸ் போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டான்.

லிடியா அம்மா ஃபோனில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இஞ்ஞாசியம்மாள் வந்த செய்தி ஒன்றையும் அழிக்காதவள்; யார் போட்ட கடுதாசியோ என்று வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் 'பூட்டு' என்று ஒரு வார்த்தை போதும், கம்பெனி வாசலில் கூட்டம் கூடிவிடும்.

"போடுடி! நாறட்டும் அவன் பொழப்பு" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

லிடியா வார்த்தையை அடித்தும்விட்டாள். தங்கமுத்து பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "இப்பப் போய்த் தண்ணி விட்டா செடி பொழைச்சிருமா பாப்பா?" என்று கேட்டார். இருநூற்றுப் பதினான்கு பேரும் இப்படித்தானே கேட்பார்கள்! கோபம் தணியவில்லை, ஏன் தணியணும்? ஆனால் பூட்டுவது அந்தக் களவாணியின் தொழில். அழித்தாள்.

முதல் செய்தியில் இருந்த நம்பருக்கு அடித்தாள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பொம்மையன் எடுத்தார். அவர் மோட்டாரை எவளோ ஒரு அம்மாவின் ஃபோன் நிறுத்திவிட முடியும் என்பதை விளக்கிச் சொன்னாள்.

"ஏனுங்க, அப்பக் கம்பெனிக்காரர வரச் சொல்றதுங்களா?"

"எவனும் வேணாங்க. மெயின அணைச்சிட்டு, ஒரு திருப்புளி எடுத்துக்கங்க. பூட்டிக்கிட்டா இங்கேருந்தே எடுத்துவிடுறேன், உள்ள இருக்குற எங்கம்மா நம்பரை மாத்துற விதத்தையும் சொல்றேன்."

"நானே தொறந்தாத் தப்பில்லீங்களா?"

"அது உங்க பெட்டிங்கய்யா!" லிடியா கத்திய கத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. மேனேஜருக்குப் போக வேண்டிய கோபம் அத்தனையும் அந்த மனுஷன் காதில் விழுந்தது.

அந்தப் பக்கம் மெயின் டக்கென்று விழுந்தது, திருகாணி கழலும் சத்தம் கேட்டது.

"வையாதீங்க அம்மணி" என்றார் பொம்மையன். "தொறந்துட்டனுங்க. சொல்லுங்க."