மடித்துப் பார்த்த வரைபடம்

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருட அனுபவம். மோட்டார் அறைக் கதவைத் திறந்ததுமே சத்தத்தை வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவள், தன் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி மூச்சு வாங்க ஏறினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. அதைச் சொல்லிச் சிரிப்பது அவள் கணவனுக்கு இன்னும் அலுக்கவில்லை.

பன்னிரண்டு வயது மகள் பள்ளியின் சாரணியர் படையில் இருந்தாள். படையை நடத்திய டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் பெரியவர் யாராவது பொறுப்பேற்காவிட்டால் படையைக் கலைத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மகள் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் விஷயத்தையே சொன்னாள்.

"எனக்கு ஒரு முடிச்சுகூட ஒழுங்காப் போடத் தெரியாதுடி."

"அதை நாங்க சொல்லித் தர்றோம்மா. நீ உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடு."

ஒரே ஒரு சனிக்கிழமை என்ற நிபந்தனையோடு போனாள். பதினான்கு பெண்கள் வரிசையாக நின்று வணக்கம் வைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருவிப் பையிலிருந்து கழித்துப்போட்ட லிஃப்ட் பொத்தான் பலகை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, கழற்றிப் பார்க்கச் சொன்னாள். அதுதான் அவள் நடத்திய முதல் பாடம். கேள்விகள் சரமாரியாக வந்தன. பாதிக்கு மேல் அவளுக்கே பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். இப்படியே வாராவாரம் மாட்டிக்கொண்டாள்.

கேட்பவர்களில் முதல் ஆள் ஓர் ஒல்லிப் பெண். விடாமல் குத்திக் குத்திக் கேட்டதால் அவளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாலு மாதம் கழித்து மாவட்ட முகாமுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு போட்டி. மைதானத்தில் எங்கோ ஒளித்துவைத்த சிறு ரேடியோ கருவி விட்டுவிட்டுச் சிக்னல் அனுப்பும். தாங்களே செய்த ஆன்டெனாவைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி, சத்தம் ஓங்கும் திசையை வைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோவில் அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. பெண்களோடு சேர்ந்து படித்து, இரும்பு அளவு நாடாவைத் துண்டுகளாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரி இரைந்தது. நாடாவின் மஞ்சள் பெயின்டைச் சுரண்டாமல் ஒயரைப் பற்றவைத்துவிட்டாள் என்பது தெரிய மூன்று சனிக்கிழமைகள் ஆயின. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்களோ தப்பைக் கண்டுபிடித்த குஷியில் குதித்தார்கள்.

போட்டி நாளன்று படைகளை நடத்தும் தலைவிகள் எல்லைக் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மைதானத்தின் ஓரத்தில் நீளமான தகரக் கிடங்கு, அதன் பின்னால் குளம். எல்லாக் குழுக்களின் ஆன்டெனாக்களும் கிடங்கைத்தான் காட்டின. எல்லோரும் அங்கே ஓடினார்கள். சல்லடை போட்டுத் தேடியும் ஒன்றும் இல்லை. போட்டிக்குக் கொடுத்த நாற்பது நிமிடத்தில் பாதி போய்விட்டது. பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும், கழற்றிப் பார்க்கச் சொல்லலாம் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மகளும் குண்டூசியும் மூன்று இடங்களிலிருந்து திசை பார்த்து, வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு கயிற்றருகே வந்தார்கள்.

"மூணு கோடும் நடுக்குளத்துல போய்ச் சேருது," என்றாள் மகள். "தண்ணிக்குள்ளயா வச்சிருப்பாங்க?"

குண்டூசி கிடங்கின் தகரச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கண்ணாடி முன்னாடி நின்னா, நாம அதுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரிதானே தெரியும்? அந்தத் தகரமும் அப்படித்தான் காட்டுதோ என்னவோ."

வரைபடத்தைக் கிடங்குச் சுவரின் கோட்டிலேயே மடித்தார்கள். குளத்தின் நடுவிலிருந்த புள்ளி, மைதானத்தின் எதிர்ப்பக்கம், பார்வையாளர்கள் உட்காரும் கான்கிரீட் படிக்கட்டுகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. நேராக வர வேண்டிய சிக்னலை அந்தக் கான்கிரீட் மறைத்திருக்கிறது. தகரத்தில் பட்டுத் திரும்பியதுதான் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் எடுத்தார்கள் ஓட்டம்.

கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளிக்கு அடியில் கருவி இருந்தது. இன்னும் ஆறு நிமிடம் மீதி இருந்தது. சும்மா சுற்றித் திரிந்த வேறொரு குழு அதற்கு முன்பே வாளியில் இடறி விழுந்திருந்ததால் இவர்களுக்கு இரண்டாம் இடம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நடுவர் கேட்டதும் குண்டூசி தலைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? எனக்கே இப்பதான் தெரியும். நீயே சொல்லு," என்றாள் அவள்.

வாய் திறக்க விட்டிருந்தால் ஆன்டெனாவைக் கழற்ற வைத்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன் என்று அன்று வீட்டில் கணவனிடம் ஒப்புக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் தடுமாறும்போது சட்டென்று கை நீட்டுவதை விட்டாள். அது முடிச்சுப் போடக் கற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறு வருடம், பொழுதுபோக்காக ரேடியோ கருவி இயக்குவதற்கான உரிமத் தேர்வை அவளும் மகளும் குண்டூசியும் சேர்ந்து எழுதினார்கள். சின்னவர்கள் இருவரும் தேறினார்கள், அவள் தவறினாள். மறுபடி எழுதுவதற்காக இப்போது மகள் அவளுக்குப் பாடம் எடுக்கிறாள். படையில் முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். இன்னொரு பெண்ணின் அம்மா, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்தச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.