அப்பாவிடம் திருத்தாத ஒரு சொல்

எங்கள் அப்பா யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள றப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அதே லயத்திலேயே கடைசிவரை வாழ்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, றப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அந்த நாட்களில் வாசலில் உட்கார்ந்து வானத்தைத் திட்டித் தீர்ப்பார். கோபக்காரர்தான். ஆனால் அடுத்த வீட்டில் சாவென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது அப்பா கேட்டார்:

"கேம்பஸ்ல ஒனக்கு என்னா படிப்பும்மா குடுத்திருக்காங்க?"

"பிசிக்ஸ் ப்பா."

"அடேயப்பா! ஆஸ்பத்திரியில பெரிய டொக்டர பிசிசியன்னு சொல்றாங்களே, அதுவா?"

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் கடைவீதிச் சிங்கள முதலாளியிடம் "மகே துவ டொக்டர்" என்று மகளைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு வந்திருந்தார். அதன்பின் எந்த வாயால் சொல்வது?

இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"சும்மா இரு புள்ள. வெள்ளிக்கெழம எம்மக லீவுல வருது. அது பாக்கட்டும். வீட்டுலயே டொக்டர வச்சிக்கிட்டு ஊரான்கிட்ட போகச் சொல்றியா?"

புதன்கிழமை காலை, ஆய்வுகூடத்தில் நான் ஊசலின் அலைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து பதினொரு அழைப்புகள். அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார்.

அப்பா எனக்காகக் காத்திருந்த கதையை, அடக்கம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னார். பாவி நான். ஒரே ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால் அவர் திங்களன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பாவைப் பலகையில் கிடத்திப் பாதைவரை சுமந்த லயத்து மாமாமார், சாமான்களை இறக்கிவிட்டு ஓடிவந்த ஆட்டோக்கார சிங்கள அண்ணன், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்காமார், உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

போன மாதம் அடுத்த லயத்து மாமா ஒருவர் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மருந்துத் துண்டை என்னிடம் நீட்டினார். "டொக்டரம்மா, இதக் கொஞ்சம் பாருங்க."

"நான் டொக்டர் இல்ல மாமா. வெளிச்சம், சூடு, கரண்ட் இதுகளப் பத்தித்தான் படிக்கிறேன்."

மாமா துண்டை மெதுவாக மடித்தார். "ஒங்கப்பாவுக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியாது மாமா."

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

— மகள்