கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஆடு இருக்கு

நவம் அண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் போன் எடுத்தாள். பாரிஸில் பிறந்த பிள்ளை, அழுதாலும் பிரெஞ்சில்தான் அழுவாள். "மாமா... பப்பா ஏ மோர்" என்றாள்.

பிரெஞ்சில் மோர் என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், தெரியாதா... ஆனாலும் அந்த நொடி எனக்கு ஞாபகம் வந்தது இங்கிலாந்தில் இருக்கும் டார்ட்மோர் என்ற பெரும் புல்வெளி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் அழுகை.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவருடைய பலசரக்குக் கடைக்குப் போனவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம். வரிசை நீண்டால் கல்லாப் பக்கமிருந்து சத்தம் வரும்: "கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஆடு இருக்கு!"

புதிதாக வந்த ஒன்றிரண்டு பேர் அதை நம்பி ஒரு கிலோ ஆட்டிறைச்சி கேட்டிருக்கிறார்கள். அண்ணை கடையில் ஒருநாளும் இறைச்சி விற்றதில்லை.

அந்த வசனம் பிறந்த இடத்தில் நான் நின்றேன். இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கடையெல்லாம் பிறகு வந்தது. அப்போது நாங்கள் இருவரும் ஒரே ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினோம். அண்ணைக்கு முப்பத்தைந்து வயது. மாப்பிள்ளை கோப்பை கழுவுகிறார் என்று தெரிந்து மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

நாலாவது சம்பந்தம் இங்கிலாந்தில். பெண்ணின் தமையன் போனில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை டார்ட்மோர் நேஷனல் பார்க்குக்கு வாங்கோ. சும்மா உலாத்த வந்தமாதிரி ரெண்டுபேரும் கதைக்கட்டும்." அடுத்த கிழமை கனடாவிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பயமுறுத்தத்தான்.

எந்த பஸ் என்று சொல்லி முடித்து, எங்கே இறங்குவது என்று அவர் தொடங்க... போன் பெட்டிக்குள் சில்லறை முடிகிற அவசரம். "ஓமோம், பார்க் வாசலிலை நிப்பம்!" அண்ணை வைத்துவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்த பார்க், பாரிஸில் இருக்கும் பூத் ஷோமோன். இரும்பு கேட், குந்தியிருக்க வாங்கு, வாத்து, விசில் ஊதும் காவல்காரர். ஆகவே அண்ணைக்குக் கோட்டு, சூட்டு, பளபளக்கும் சப்பாத்து. மூன்றும் என்னுடையவை. கையில் பாரிஸ் கேக் பெட்டி.

கலேயில் கப்பல், லண்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னும் இரண்டு. கடைசி பஸ் டிரைவரிடம் அண்ணை தன் முழு ஆங்கிலத்தையும் இறக்கினார்: "நேஷனல் பார்க். கேட். பிளீஸ்."

நீங்கள் அரை மணித்தியாலமாக பார்க்குக்குள்தான் இருக்கிறீர்கள் என்று அந்த மனுசன் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு விளங்கவில்லை. "கேட், கேட்" என்று அண்ணை ஒற்றைக்காலில் நிற்க, ஒரு மரப் படலையை இதுதான் கேட் என்று காட்டி, அதனடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

படலை. இரண்டு பக்கமும் கல்மதில். அந்தப் பக்கம்... ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல், புதர், சேறு, பனிப்புகார்.

"அண்ணை, இது பார்க் மாதிரித் தெரியேல்லை."

"பெரிய பார்க் தம்பி. வாத்து உள்ளுக்கை நிக்கும்."

இரண்டு மணித்தியாலம் நின்றோம். நடக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு அண்ணை படலையைத் திறந்து திறந்து மூடினார். ஒரு கிழவி சந்தோசப்பட்டு இரண்டு பிஸ்கட் கொடுத்தா.

பிறகு ஒரு காட்டுக்குதிரை வந்து கேக்கைப் பெட்டியோடு சாப்பிட்டது. பறிக்க ஓடிய அண்ணையின் இடது கால் முழங்கால்வரை சேற்றில். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.

அண்ணை மதிலில் குந்தினார். "பிரெஞ்சுக்காரனுக்கு மோர் எண்டால் சாவு. இங்கிலீசுக்காரனுக்கு மோர் எண்டால் சேறு. குடிக்கிற மோர் எங்களிட்டை மட்டும்தான்... அதுவும் இஞ்சை இல்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவை போயிருப்பினம் தம்பி. இனி எனக்கு ஒருத்தரும் பொம்பிளை தரமாட்டினம்" என்றார்.

அப்போதுதான் ஒரு மேய்ப்பன் நாயோடும் ஆட்டு மந்தையோடும் வந்து ஏதோ கத்தினான். அண்ணைக்கு விளங்கியது 'கேட்' மட்டும். எழும்பிப்போய்த் திறந்து பிடித்தார். ஆடுகள் தெருவெல்லாம் நிறைந்தன. ஒரு கார் வந்து நின்றது.

காருக்குள்ளிருந்து தமிழில் ஒரு பெண்குரல்: "அண்ணா, அந்தப் படலை திறக்கிறவர் தமிழாள் போல கிடக்கு."

பெண்வீட்டார்! எங்கேயோ கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து அலுத்து, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவ இறங்கி வந்தா. அண்ணைக்குக் கைகூப்பவும் வழியில்லை, படலையை விட்டால் சாத்திக்கொள்ளும். ஒரு காலில் சப்பாத்து, மற்றதில் சேறு.

"நீங்கள்தானே நவரத்தினம்?"

"ஓம்... கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஆடு இருக்கு."

பெண் பார்க்கப் போனவர் பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவ காரில் சாய்ந்து நின்று சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் நிற்கிறது. கனடா மாப்பிள்ளை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாராம்.

இன்று பின்னேரம் அக்காவுக்கு, அன்றைக்குக் காரில் சாய்ந்து சிரித்த அண்ணையின் மனைவிக்கு, போன் எடுத்தேன். அழுதது நான். அவதான் என்னைத் தேற்றினா.

"அழாதை தம்பி. அங்கையும் ஏதாவது படலையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பார். நான் அவசரமில்லாமல் ஆறுதலா வாறன் எண்டு சொல்லித்தான் விட்டனான்."

போய்வாங்கோ நவம் அண்ணை. என் சப்பாத்து அந்தச் சேற்றிலேயே கிடக்கட்டும்.

அக்கா வருவா. கொஞ்சம் பொறுங்கோ... இன்னும் ஆடு இருக்கு.