சத்தம் போடாதவர்

விமானம் ஏறும் கேட்டில் நிற்கும் அக்கா பெயர்ப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். எதிரே காபிக் கடை வைத்திருக்கும் எனக்கு விஷயம் புரிய அது போதும். இன்றைக்கும் இருக்கிற இடத்துக்கு மேல் டிக்கெட்டை விற்றுத் தொலைத்திருக்கிறார்கள். எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. எல்லோரும் வந்துவிட்டால்? விற்றவன் ஏசி அறையில் இருப்பான், வாங்கிக் கட்டிக்கொள்வது எங்கள் கேட் அக்கா.

கடைக்காரர்கள் நாங்கள் வைத்த பெயர் அது. கால் வீக்கம், அதனால் கவுண்டருக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு நிற்பார். சர்க்கரை தூக்கலாகக் காபி கேட்பார், குடிக்க மறந்துவிடுவார். ஆறிப்போன கோப்பையை நான்தான் போய் எடுத்து வரவேண்டும்.

யாராவது இடத்தை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று முதலில் மைக்கில் கேட்பார். ஒருத்தரும் அசையமாட்டார்கள். அப்புறம் அவர் பார்வை வரிசையில் மெதுவாக நகரும்.

"கோட்டுப் போட்டவர் கத்துவார். கைக்குழந்தைக்காரியைத் தொட்டா ஊரே சண்டைக்கு வரும். மூலையில, யார்கிட்டயும் பேசாம ஒருத்தர் நிப்பார் பாருங்க, அவரைத்தான் நிறுத்துவேன்," என்று ஒருமுறை சொன்னார். "பாவம்தான். ஆனா அவர் என்னை அடிக்க வரமாட்டார்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு பயணி அக்காவின் கன்னத்தில் அறைந்த நாளையும் பார்த்தவன் நான். பாலைக் காய்ச்சப் போய்விட்டேன்.

நேற்று அப்படி ஒருவர் அகப்பட்டார். சாயம்போன சட்டை, கையில் ஒரு பை.

"சார், நாளைக்கு மதியம் அடுத்த விமானத்துல அனுப்பிடறோம்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரிங்க," என்று மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்திய பிறகு தயங்கித் தயங்கி வந்தார். "இன்னைக்கே போக வேற வழி இருக்குங்களா? காலைல என் வீட்டுக்காரிக்கு இதயத்துல ஆபரேஷன். பொழைக்கிறது கஷ்டம்னுட்டாங்க. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பாத்துடணும்னு கெடக்கறா."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, அப்பவே வாயைத் தெறந்து சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் ஒரு அவசரம் இருக்கும்னு நெனச்சேங்க."

அக்கா மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினார். எங்குமே இடமில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். கொடுமை.

இதற்குள் அதே கேட்டில் வேறு ஊருக்குப் போகும் விமானத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களை அழைக்க அக்கா மைக்கைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்றவரின் போன் அடித்தது.

"ஏறிட்டேன்மா," என்றார். கண்ணாடிக்கு வெளியே அவர் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. "ஆமா, ஜன்னல் சீட்டுதான். நீ எதையும் நெனைக்காம தூங்கு. காலைல கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல இருப்பேன்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றார், அவர் பேசி முடிக்கும்வரை.